பிரேக்கக்காவும் தகர வேலியும்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வண்டியில், பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் தடுமாறினால் கற்றுக்கொடுப்பவர் அதை மிதித்து வண்டியை நிறுத்திவிடலாம். பாதி வாழ்நாளை அந்த பிரேக்கின் மேல் காலை வைத்தபடியே கழித்தவள் என்பதால், அந்தத் தெருவில் அவளுக்குப் பிரேக்கக்கா என்று பெயர். வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். பஸ்ஸில் போனாலும் முன் இருக்கையில் உட்கார்ந்து, வளைவு வரும்போதெல்லாம் வெறும் தரையை மிதிப்பாள். டிரைவர் மேல் கோபம் ஒன்றும் கிடையாது. நம்பிக்கை இல்லை, அவ்வளவுதான்.

டிரைவர்கள் மேல் மட்டுமல்ல, யார் மேலும் இல்லை. கடையில் எடை போடும்போது எல்லாரும் தராசைப் பார்ப்பார்கள். அவள் கடைக்காரரின் விரலைப் பார்ப்பாள். கணவர் மழை வரும்போல இருக்கிறது என்று சொன்னால், மாடிக்குப் போய் வானத்தைத் தானே ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் துணியை எடுப்பாள். தன் ஓட்டை வேறு யாராவது போட்டுவிடுவார்களோ என்ற சந்தேகத்தில் ஒரு தேர்தலையும் விட்டதில்லை. விடிந்ததும் போய் வரிசையில் முதல் ஆளாக நிற்பாள். போட்டுவிட்டு வந்த பிறகு ஜெயித்தவர் யார், அவருக்கு என்ன வேலை, எந்தக் கட்டடத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. எல்லாரும் திருடர்கள் என்று முடிவு செய்துவிட்ட பிறகு விலாசம் எதற்கு என்று இருந்துவிட்டாள்.

தெருக்கோடியில் ஒரு மைதானம் இருந்தது. மாலையில் பிள்ளைகள் விளையாடுவார்கள். ஓரமாகக் கயிறு கட்டித் துணி காயப்போடுவார்கள். காலையில் ஆள் நடமாட்டம் குறைவாக இருக்கும் நேரத்தில் பிரேக்கக்கா தன்னிடம் புதிதாகச் சேர்ந்தவர்களை அங்கே கூட்டிப்போய் ஸ்டியரிங்கைக் கையில் கொடுப்பாள். மோதினாலும் மண்மேட்டில்தான் மோத வேண்டும்.

ஒரு காலையில், கற்றுக்கொள்ள வந்திருந்த ஒரு நர்ஸ் வண்டியை மைதானத்துப் பக்கம் திருப்பினாள். திருப்பிய இடத்தில் மைதானம் இல்லை. ஆள் உயரத்துக்கு மேலே தகரம், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை. பிரேக்கக்கா மிதித்த மிதியில் நர்ஸின் கண்ணாடி மடியில் விழுந்தது.

தகரத்துக்கு நடுவே ஓர் ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு, அதில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் காவலாளி உட்கார்ந்திருந்தார். பெயர்ப் பலகை எதுவும் இல்லை.

"என்னங்க கட்டறாங்க?"

"தெரியாதும்மா."

"யாரு உங்களை வேலைக்கு வெச்சது?"

"ஏஜென்சி."

"ஏஜென்சிக்கு யாரு சொன்னது?"

அவர் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி, இடைவெளியை மறைத்து உட்கார்ந்துகொண்டார். அது போதுமாக இருந்தது அவளுக்கு. ஒளிக்க ஏதோ இருக்கிறது.

தெருமுனை மருந்துக் கடைக்காரரிடம் எல்லாச் செய்தியும் வந்து சேரும். அவர் மாத்திரை அட்டையைக் கத்தரித்தபடி சொன்னார்.

"கவுன்சிலரோட தம்பி கார் ஷோரூம் கட்டப் போறாராம்."

"யாரு சொன்னது?"

"எல்லாரும் சொல்றாங்க. காலையிலேருந்து நாலஞ்சு பேரு வந்து, அப்படியாமேன்னு கேட்டுட்டாங்க. விஷயம் இல்லாமலா கேப்பாங்க?"

பிரேக்கக்காவுக்கு அது முழுக்கச் சரியாகப் பட்டது. எதிர்வீட்டில் இருந்த நாத்தனாருக்கும் அப்படியே பட்டது. துணிக்கடையில் பில் போடும் வேலை அவளுக்கு. நாளெல்லாம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் வீட்டுக்கு வந்ததும் மொத்தமாகப் பேசுவாள்.

"நாளைக்கு நம்ம வாசலையும் சேர்த்துத் தகரம் அடிப்பாங்க அண்ணி. யாராவது போய்க் கேக்கணும்."

"யாரு போவா?"

"உங்களுக்குத்தானே காலையில வண்டி இருக்கு" என்றாள் நாத்தனார்.

நகராட்சி அலுவலகத்துக்குள் பிரேக்கக்கா அதுவரை நுழைந்ததில்லை. கூடம் முழுக்கக் கண்ணாடித் தடுப்புகள். ஒவ்வொன்றிலும் கீழே அரைவட்டமாக ஒரு துளை. பேச வேண்டுமானால் குனிய வேண்டும். நிமிர்ந்து நின்றால் உள்ளே இருப்பவரின் வாய் அசைவது மட்டும் தெரியும். வேண்டுமென்றே இப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே குனிந்தாள்.

"எங்க தெரு மைதானத்துல தகரம் அடிச்சிருக்கே, அது எதுக்குங்க?"

"யாரு அனுப்பினாங்க உங்களை?"

"யாரும் அனுப்பல. நானேதான் வந்தேன்."

"சும்மா யாரும் வரமாட்டாங்களே" என்றார் உள்ளே இருந்தவர். திட்டவில்லை, நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. கடைசியில் பின்கட்டடத்தில் குடிநீர்ப் பிரிவில் கேட்கச் சொன்னார். அங்கே இருந்தவர், மைதானமெல்லாம் பூங்காப் பிரிவு என்றார். பூங்காப் பிரிவில் பூட்டு தொங்கியது. மறுபடி முன்கூடத்துக்கு வந்தால் அந்தத் துளைக்குப் பின்னால் வேறு ஆள் உட்கார்ந்து, யார் அனுப்பியது என்று புதிதாகக் கேட்டார்.

மாடிப்படியின் அடியில் ஒரு பெண் ஊழியர் டிபன் டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிரேக்கக்கா வெளிவாசலுக்கும் பின்வாசலுக்குமாக நடப்பதை வெகுநேரமாகப் பார்த்திருக்க வேண்டும்.

"அக்கா, இங்க கேட்டா இப்படித்தான் சுத்தணும். மாசாமாசம் மேல மன்றக் கூட்டம் நடக்குது. யாரு வேணாலும் பார்வையாளர் மாடத்துல உக்காந்து பாக்கலாம். கேள்வியை முன்கூட்டி எழுதிக் குடுத்தா, கூட்டத்துல வெச்சு பதில் சொல்லியே ஆகணும். விதி இருக்கு."

பிரேக்கக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"இதை ஏன் எங்கிட்ட சொல்றீங்க?"

அந்தப் பெண் மெல்லுவதை நிறுத்தினார். "நீங்க கேட்டுட்டு இருந்தீங்களே."

"உங்ககிட்ட கேக்கலையே."

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். அவர் மின்விசிறிகளையும் மிக்சிகளையும் பழுது பார்ப்பவர். முன்னறை முழுக்க இறக்கை கழற்றிய விசிறிகள் கிடக்கும். யாருடைய சண்டையிலும் கலந்துகொள்ளாதவர். ஸ்குரூ டிரைவரை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்.

"போய் உக்காந்து பாத்துட்டு வா. எழுதி மட்டும் குடுக்காத. பேசினா காத்தோட போயிடும். எழுதினா உன் பேரு அவங்க மேஜையில கிடக்கும்."

"கிடக்கட்டுமே. பேரு தானே, நகையா?" என்றாள். ஆனாலும் எழுதவில்லை. தன் விலாசத்தை வாங்குவதற்கான வழியாக இருக்குமோ என்று அவளுக்கும் இருந்தது.

முதல் கூட்டத்துக்கு நல்ல புடவை கட்டிக்கொண்டு போனாள். பார்வையாளர் மாடத்தின் கதவைத் திறந்துவிட்ட ஊழியருக்குச் சாவியைத் தேடவே நேரம் எடுத்தது. உள்ளே மடக்கிய நாற்காலிகள் சுவரில் சாய்ந்திருந்தன. ஒரு மூலையில் பழைய மைக் ஸ்டாண்டுகள். நாற்காலி ஒன்றை விரித்துத் தூசியைத் தட்டிவிட்டு அவர் கேட்டார்.

"பத்திரிகைங்களா? கட்சிங்களா?"

"கார் ஓட்டக் கத்துக்குடுக்கறேன்."

அவர் கொஞ்சம் யோசித்து, "யாருக்கு?" என்றார்.

கீழே நீள்வட்ட மேஜையைச் சுற்றிக் கவுன்சிலர்கள் உட்கார்ந்திருந்தார்கள். திருடர்களைக் கையும் களவுமாகப் பார்க்கப் போகிறோம் என்று முன்னால் சாய்ந்தாள். ஒருவர் சாக்கடை அடைப்பைப் பற்றிப் பேசினார். இன்னொருவர் அதே சாக்கடையைப் பற்றி அதையே கொஞ்சம் சத்தமாகப் பேசினார். ஒருவர் கண்ணைத் திறந்தபடியே தூங்கினார். மன்றத் தலைவர் கூட்டப் பட்டியலில் இருந்து ஒவ்வொரு பொருளாகப் படித்து, "ஆட்சேபம் இல்லையென்றால் நிறைவேறியது" என்று சொல்லிக்கொண்டே போனார். தலைப்பைத் தாண்டி எதையும் படிக்கவில்லை. யாரும் ஆட்சேபிக்கவில்லை. ஒரு தெருவுக்கு விளக்கு, ஒரு பள்ளிக்கு மதில், ஒரு சந்தைக்கு இடமாற்றம், எல்லாம் அவர் மூச்சுவிடும் நேரத்தில் நடந்து முடிந்தன. மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்கு இது தெரியுமா என்று அவளுக்குத் தோன்றியது.

பாதிக் கூட்டத்தில் ஒருவர் நிமிர்ந்து மாடத்தைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரின் காதில் ஏதோ சொன்னார். அவரும் நிமிர்ந்தார். அதன் பிறகு எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். தூங்கியவர் எழுந்து உட்கார்ந்தார். சற்று நேரத்தில் மேலே அவளுக்கு ஒரு தேநீர் வந்தது.

அவள் அதைக் குடிக்கவில்லை. ஆறி ஆடை படியும்வரை அதையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குத்தான் எழுதுவது என்று முடிவு செய்தாள். எங்கள் தெருக்கோடி மைதானத்தைத் தகரம் அடித்து மறைத்தது யார், எதற்காக, எப்போது எடுப்பார்கள். அவ்வளவுதான் கேள்வி. கொடுத்துவிட்டு, வாங்கிக்கொண்டதற்கு முத்திரை போட்டுத் தரும்வரை துளைக்கு முன்னால் குனிந்தே நின்றாள்.

அடுத்த கூட்டத்தன்று மாடத்துக்கு ஏறும் படிக்கட்டில் அவர்கள் தெருவின் கவுன்சிலர் அவளுக்காகக் காத்திருந்தார். மூட்டுவலிக்கார அம்மா, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரை அவ்வளவு பக்கத்தில் பிரேக்கக்கா பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"கேள்வி வந்திருக்கு. பதில் சொல்லுவோம். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். உங்களை யாரு அனுப்பினது?"

"ஏங்க, இந்தக் கட்டடத்துல எல்லாருக்கும் இதே கேள்விதானா? யாரும் அனுப்பல."

"நாங்களும் கொஞ்சம் விசாரிச்சோம்" என்றார் கவுன்சிலர். "அந்த மைதானத்துலதான் நீங்க கார் ஓட்டக் கத்துக்குடுக்கறீங்க. அது உங்க தொழில். பொது இடத்துல தொழில் நடத்த அனுமதி வாங்கியிருக்கீங்களா?"

பிரேக்கக்காவின் கால் தன்னையறியாமல் படியை மிதித்தது. இத்தனை வருஷத்தில் அப்படி ஒன்று வாங்க வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றியதில்லை.

"பயமுறுத்தல. நாளைக்கு வேற யாராவது கேட்டா நீங்க என்ன சொல்லுவீங்கன்னு தெரிஞ்சுக்கலாம்னுதான்."

அன்று அவள் மாடத்துக்கு ஏறவில்லை. கேட்டவர் வராததால் கேள்வி அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது. வீட்டுக்கு வந்து விசிறி இறக்கைகளுக்கு நடுவே உட்கார்ந்தாள். மிரட்டினார்களே என்ற ஆத்திரம் ஒரு பக்கம். கவுன்சிலர் சொன்னது உண்மை என்பது இன்னொரு பக்கம். அதுதான் அதிகமாகக் குத்தியது. இதுவரை அவள் எல்லாரையும் சந்தேகப்பட்டிருக்கிறாள். அவளை ஒருவர் சந்தேகப்பட்டு, அது சரியாகவும் இருந்தது இதுதான் முதல் தடவை.

"விட்டுடறியா?" என்று கேட்டார் கணவர்.

"விட்டா, அதுக்காகத்தான் சொன்னாங்கன்னு ஆயிடும்."

"விடலன்னா?"

"கவுன்சிலரம்மா சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்."

 அடுத்த கூட்டத்தன்று கணவரும் முன்னறையைப் பூட்டிவிட்டு அவளோடு வந்து, மாடத்தில் இன்னொரு நாற்காலியை விரித்து உட்கார்ந்தார். கீழே சுற்றும் விசிறிகளில் ஒன்று தள்ளாடுவதைக் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

செயலாளர் அவள் கேள்வியை வாசித்தார். கேட்டவர் ஏதும் சேர்க்க விரும்பினால் சுருக்கமாகச் சொல்லலாம் என்றார் தலைவர். பிரேக்கக்கா எழுந்தாள். 

"அந்த மைதானத்துல நான் அனுமதி இல்லாம வண்டி ஓட்டக் கத்துக்குடுத்திருக்கேன். தெரியாம செஞ்சது. இனிமே மாட்டேன். நான் செஞ்சது தப்புன்னா அதுக்கு என்ன உண்டோ செய்யுங்க. தகரம் எதுக்குன்னு மட்டும் சொல்லிடுங்க."

கீழே எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். கவுன்சிலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பதில் சொன்னார். மைதானத்துக்கு அடியில் குடிநீர்த் தொட்டி கட்டுகிறார்கள். பள்ளத்தில் இருக்கும் தெருக்களுக்குத் தண்ணீர் ஏறுவதில்லை என்பதால் மன்றமே தீர்மானித்தது. தொட்டியை மூடி மேலே மண் நிரவி மைதானத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். குழி தோண்டியதோடு ஒப்பந்தக்காரர் வேறு வேலைக்குப் போய்விட்டார். வரைபடம் பொறியாளர் பிரிவில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

அவள் நம்பவில்லை. நேராகப் பொறியாளர் பிரிவுக்குப் போனாள். இளம் பொறியாளர் ஒருவர் தயங்கித் தயங்கி வரைபடத்தை விரித்தார். மூலைகளில் பேப்பர்வெயிட்டுக்குப் பதிலாகத் தன் கையையே வைத்துக்கொண்டார், எங்கே எடுத்துக்கொண்டு போய்விடுவாளோ என்பதுபோல. மறுநாள் அவரையே அழைத்துக்கொண்டு தகரத்துக்குள் நுழைந்தாள். உள்ளே பெரிய குழி. மழைத்தண்ணீர் தேங்கிப் பச்சையாக இருந்தது. ஓரத்தில் கம்பிகள் துருப்பிடித்துக் கிடந்தன. ஷோரூம் இல்லை, தம்பி இல்லை. கவுன்சிலருக்குத் தம்பியே கிடையாது என்பதும் அன்றைக்குத் தெரிந்தது.

திருட்டு இல்லை என்று தெரிந்ததில் அவளுக்கு ஏனோ ஏமாற்றமாக இருந்தது.

தெருவில் வந்து சொன்னாள். மருந்துக் கடைக்காரர் கேட்டுவிட்டு, "அப்படியா சொல்லச் சொன்னாங்க?" என்றார்.

"யாரும் சொல்லச் சொல்லல. நான் போய்ப் பாத்தேன்."

"பாத்தீங்க, சரி" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளின் சீட்டை வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அவள் கடைப் பக்கம் போனால் அங்கே நடந்துகொண்டிருந்த பேச்சு நிற்கத் தொடங்கியது. கவுன்சிலரின் ஸ்கூட்டரை அவள் வீட்டு வாசலில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அது பழுது பார்த்த மிக்சியைத் திரும்ப வாங்க வந்த ஒருவரின் ஸ்கூட்டர். கற்றுக்கொள்ள வந்த இரண்டு பேர் காரணம் சொல்லாமல் நின்றுவிட்டார்கள். நாத்தனார் மட்டும் முகத்துக்கு நேராகவே கேட்டாள்.

"உங்களைச் சரிக்கட்டிட்டாங்களா அண்ணி?"

"என்னை உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அதனாலதான் கேக்கறேன். நீங்க யாரையும் நம்ப மாட்டீங்க. இப்போ அவங்க சொல்றதை அப்படியே வந்து சொல்றீங்க. எப்படி இருக்கும் எங்களுக்கு?"

பிரேக்கக்காவுக்கு எதிர்வீட்டுக் கதவை ஓங்கி அறைந்து சாத்திவிட்டு வர வேண்டும் போல இருந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், நாத்தனாரின் இடத்தில் தான் இருந்தால் இதைவிட மோசமாகக் கேட்டிருப்பாள் என்றும் தெரிந்தது. சொன்னால் நம்ப மாட்டார்கள், காட்ட வேண்டும்.

மறுபடி எழுதினாள். தெருக்காரர்கள் உள்ளே போய்ப் பார்க்க ஒருநாள் ஒதுக்க வேண்டும் என்று கேட்டாள். இரண்டு கூட்டம் இழுத்தடித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கினார்கள். வருவதாகச் சொன்னவர்களில் பாதிப்பேர் வரவில்லை. மருந்துக் கடைக்காரர் கடையை விட்டு வர முடியாது என்றார். நாத்தனார் வந்தாள். செருப்பு சேற்றில் புதையப் புதைய விளிம்புவரை நடந்து, குழியை நன்றாக எட்டிப் பார்த்தாள்.

"குழி வெட்டியிருக்காங்க. தொட்டிக்குத்தான்னு எப்படி நம்பறது? ஷோரூமுக்கும் அஸ்திவாரம் வெட்டத்தானே செய்வாங்க?"

பொறியாளர் சலித்துக்கொண்டார். பிரேக்கக்கா சலித்துக்கொள்ளவில்லை. அவரைப் பார்த்துச் சொன்னாள்:

"அவ கேக்கறது சரிதான். வெளியில ஒரு பலகைகூட இல்ல. என்ன வேலை, யாரு செய்யறாங்க, எப்போ முடியும்னு தகரத்து மேல எழுதி வைங்க. எழுதாம மூடி வெச்சா எல்லாரும் இப்படித்தான் நினைப்பாங்க. நானும் இப்படித்தான் நினைச்சேன்."

பலகை வந்தது. முடியும் தேதியை மட்டும் காலியாக விட்டிருந்தார்கள். அடுத்த கூட்டத்தில் அதைக் கேட்டாள். தேதி எழுதினார்கள். அந்தத் தேதி போனது. அதையும் கேட்டாள். மாடத்தின் சாவி ஊழியர் இப்போதெல்லாம் அவள் வருவதற்கு முன்பே கதவைத் திறந்து வைத்தார். ஒப்பந்தக்காரரை மாற்ற வேண்டும் என்ற பேச்சு வந்தபோது, வழக்கம்போல "ஆட்சேபம் இல்லையென்றால்" என்று தொடங்கிய தலைவர், மாடத்தைப் பார்த்துவிட்டுப் பொருளை முழுவதுமாகப் படித்தார். எதற்காக மாற்றுகிறோம் என்று கவுன்சிலரும் எழுந்து விளக்கினார். தூங்குகிறவர்கூட ஒரு கேள்வி கேட்டார்.

தொட்டி சொன்ன காலத்துக்கு வெகுநாள் கழித்து முடிந்தது. பள்ளத்துத் தெருக்களில் மாடிக்கும் தண்ணீர் ஏறியது. தகரத்தைக் கழற்றியபோது மைதானம் முன்பைவிடச் சின்னதாக இருந்தது. ஒரு மூலையை மோட்டார் அறை எடுத்துக்கொண்டிருந்தது. அது வரைபடத்திலேயே இருந்தது என்றார் பொறியாளர். பிரேக்கக்கா போய் மறுபடி பார்த்தாள், இருந்தது. தான் அன்றைக்கு அதைக் கவனிக்கவில்லை என்பது அவளுக்கு உறுத்தியது. அவள் இப்போது கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கும் சாலையில், முறையாக அனுமதி வாங்கி, காலை நேரத்தில் கற்றுக்கொடுக்கிறாள். அங்கே மண்மேடு இல்லை என்பதால் கால் இன்னும் இறுக்கமாகவே பிரேக்கின் மேல் இருக்கிறது.

மருந்துக் கடைக்காரர், ஷோரூம் திட்டத்தைக் கடைசி நேரத்தில் கைவிட்டுவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நாத்தனார் ஒருநாள் கூட்டத்துக்கு வந்தாள். மாசாமாசம் அண்ணி அங்கே போய் என்னதான் செய்கிறாள் என்று பார்க்க வந்ததாக அவளே சொன்னாள். ஒரு நாற்காலி இடைவெளி விட்டு உட்கார்ந்தாள். தேநீர் வந்ததும் தயங்காமல் வாங்கிக் குடித்தாள். கீழே நடப்பதைவிட அண்ணி யாரைப் பார்த்துத் தலையசைக்கிறாள் என்பதிலேயே கண்ணாக இருந்தாள். அப்போது தலைவர், கடைவீதி பஸ் நிறுத்தத்தை அடுத்த முனைக்கு மாற்றுவது பற்றிய பொருளைப் படித்தார். அது அவள் வேலை செய்யும் துணிக்கடை வாசலில் இருந்த நிறுத்தம்.

"இவரு என்ன சொல்றாரு?" என்று இடைவெளி நாற்காலிக்கு நகர்ந்து வந்தாள்.

பிரேக்கக்கா சொன்னாள்.

"யாரைக் கேட்டு மாத்தறாங்க?"

"யாரும் ஆட்சேபிக்கலன்னா மாறிடும்."

"நான் ஆட்சேபிக்கறேனே."

"இங்கேருந்து கத்தினா வெளியே அனுப்பிடுவாங்க. இந்தப் பொருள்ல இன்னைக்குப் பேச்சு மட்டும்தான். முடிவு அடுத்த கூட்டத்துல. அதுக்கு முன்னாடி எழுதிக் குடு."

நாத்தனார் அந்த வாரமே எழுதிக் கொடுத்தாள். என்ன எழுதினாள் என்று அண்ணியிடம் காட்டவில்லை. பிரேக்கக்காவும் கேட்கவில்லை, கூட்டத்தில் வாசிப்பார்கள், அப்போது தெரிந்துகொள்ளலாம் என்று இருந்துவிட்டாள்.